பிரஷர் இருக்கிறதா? கிட்னிக்கான இரத்தப் பரிசோதனையை எப்போது செய்வது, எப்படிப் படிப்பது

பிரஷர் மாத்திரை சாப்பிடும் பலருக்கு பி.பி. மெஷின் காட்டும் எண்ணோடு கவலை தீர்ந்துவிடுகிறது. 130/80-க்குள் நின்றால் நிம்மதி. அதே பிரஷர் இத்தனை வருடம் சிறுநீரகத்தை என்ன பாடு படுத்தியிருக்கிறது என்பதை அந்த மெஷின் சொல்லாது. உடம்பும் சொல்லாது. கால் வீங்கி, பசி போய், வாந்தி வரத் தொடங்கும்போது சிறுநீரகம் பெரும்பகுதி பழுதாகியிருக்கும். நாள்பட்ட சிறுநீரக நோய்க்குச் சர்க்கரை நோய்க்கு அடுத்த பெரிய காரணம் உயர் இரத்த அழுத்தம்தான். முன்கூட்டியே தெரிந்துகொள்ள நமக்கு இருக்கும் வழி இரத்தமும் சிறுநீரும்தான்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டிகள், இருக்கின்றன. அவற்றுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மிக மெல்லியவை. வருடக்கணக்கில் அதிக அழுத்தம் தாங்கினால் அந்தக் குழாய்களின் சுவர் தடித்து உள்வழி குறுகுகிறது. இரத்தம் போதாமல் வடிகட்டிகள் ஒவ்வொன்றாகத் தழும்பாகின்றன. தழும்பானது மறுபடி முளைக்காது. மிச்சமிருப்பவை கூடுதல் வேலையை இழுத்துப்போட்டுச் செய்வதால் வெளியே எதுவும் தெரிவதில்லை. போதாக்குறைக்கு, பழுதான சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்கி, ரெனின் என்ற பொருளைச் சுரந்து, பிரஷரை இன்னும் ஏற்றிவிடும். இந்தச் சுழல் சூடுபிடிக்கும் முன் கண்டுபிடிப்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. புதிதாக பிரஷர் என்று சொல்லப்பட்டவர்களுக்கும், அப்பா அம்மாவின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் பிள்ளைகளுக்கும் எழுதுகிறேன்.

முதல் படி: லேபில் என்ன கேட்பது

"கிட்னி டெஸ்ட்" என்று மட்டும் சொன்னால் சில இடங்களில் யூரியாவும் கிரியேட்டினினும் மட்டும் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். பிரஷர் உள்ளவருக்கு அது போதாது. கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய தசைக் கழிவு), அதிலிருந்து கணக்கிடும் ஈ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு), பொட்டாசியம், சோடியம் ஆகிய நான்கும் வேண்டும். யூரியாவும் யூரிக் ஆசிடும் வழக்கமாகக் கூடவே வந்துவிடும். சுகர் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தால், மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி.யையும் அதே ஊசியில் முடித்துவிடலாம்.

இரத்தத்தோடு சிறுநீரையும் கொடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். சிறுநீரகம் ஏறக்குறைய பாதி வேலையை இழக்கும்வரை கிரியேட்டினின் லேபின் இயல்பு எல்லைக்குள்ளேயே நிற்கக்கூடும். ஆனால் வடிகட்டி கிழியத் தொடங்கியதும் ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிந்துவிடும். சிறுநீர் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் என்று கேளுங்கள், ஏ.சி.ஆர். என்றால் லேபில் புரியும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் இதற்குச் சிறந்தது. 30-க்குக் கீழ் இருந்தால் இயல்பு, 30 முதல் 300 வரை கவனிக்க வேண்டியது, 300-க்கு மேல் தீவிரம். அலகு, ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு இத்தனை மில்லிகிராம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், கடும் உடற்பயிற்சி ஆகியவற்றின்போது இது பொய்யாக ஏறும். அப்போது கொடுக்க வேண்டாம்.

இரண்டாம் படி: முந்தின நாளும் ஊசி போடும் நேரமும்

கிரியேட்டினினுக்கு வெறும் வயிறு தேவையில்லை. சுகரும் கொழுப்பும் சேர்த்துப் பார்ப்பதால்தான் காலையில் சாப்பிடாமல் வரச் சொல்கிறார்கள். ஆனால் சாப்பிடாமல் வரச் சொன்னால் தண்ணீரையும் குடிக்காமல் வருகிறவர்கள் உண்டு. உடம்பு வறண்டிருந்தால் யூரியாவும் கிரியேட்டினினும் ஏறித்தான் காட்டும். தாராளமாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை காலை பிரஷர் மாத்திரையையும் வழக்கம்போல் போடலாம்.

முந்தின இரவு கறிச்சோறு வேண்டாம். சமைத்த இறைச்சியில் கிரியேட்டினின் இருக்கிறது. அது நேராக இரத்தத்துக்கு வந்து சில மணி நேரம் எண்ணை ஏற்றிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டன், திங்கட்கிழமை காலை டெஸ்ட் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். முந்தின நாள் ஜிம்மில் கடுமையாக எடை தூக்குவதும் அப்படித்தான். கிரியேட்டின் பவுடர் குடிக்கும் இளைஞர்கள் அதை லேபிலும் டாக்டரிடமும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஊசி போடும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் பொட்டாசியம் கெட்டுப்போகிறது. கையில் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு, நரம்பு தெரியவில்லை என்று "மூடி மூடித் திறங்க" என்பார்கள். பட்டை நீண்ட நேரம் இறுகியிருக்க, கை தொடர்ந்து மூடித் திறக்க, தசையிலிருந்து பொட்டாசியம் வெளியேறி அந்த ஊசிக்குள்ளேயே வந்துவிடும். இரத்தத்தைச் சிறிய ஊசியால் வேகமாக இழுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளிருக்கும் பொட்டாசியம் மாதிரியில் கலக்கும். உடம்பில் 4.5 இருக்க, ரிப்போர்ட்டில் 5.8 வரும். கையைத் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டின் அடியில் "மாதிரி ஹீமோலைஸ் ஆகியுள்ளது" (சிவப்பணுக்கள் உடைந்துள்ளன) என்ற குறிப்பு இருந்தால் பொட்டாசியம் எண்ணை நம்ப வேண்டாம். அன்றே மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

முடிந்தவரை எப்போதும் ஒரே லேபுக்குப் போங்கள். கிரியேட்டினினை அளக்க ஜாஃபே முறை, என்சைம் முறை என்று இரண்டு உண்டு. முறை மாறினால் அதே இரத்தத்துக்கு எண் சற்று மாறும். அந்த மாற்றத்தை உங்கள் சிறுநீரகத்தின் மாற்றம் என்று எண்ணிக் கலங்க நேரிடும்.

மூன்றாம் படி: ரிப்போர்ட்டைப் படிப்பது

கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து தினமும் வெளியாகும் கழிவு. சிறுநீரகம் அதை வெளியே அனுப்புகிறது. அனுப்பும் வேகம் குறைந்தால் இரத்தத்தில் தேங்குகிறது. பல லேப்களில் ஆணுக்கு 0.7 முதல் 1.3 வரை, பெண்ணுக்கு 0.6 முதல் 1.1 வரை (மி.கி./டெ.லி.) இயல்பு என்று அச்சிட்டிருப்பார்கள். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் ரிப்போர்ட்களில் மைக்ரோமோல் கணக்கில் 106 என்று வந்தால் பயந்துவிட வேண்டாம். 88.4-ஆல் வகுத்தால் 1.2 என்ற நம்ம ஊர் எண் கிடைத்துவிடும்.

அந்த இயல்பு எல்லையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 1.2 என்ற ஒரே எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 30 வயது ஆணுக்கு 1.2 இருந்தால் ஈ.ஜி.எஃப்.ஆர். 83 வரும். 60 வயதுப் பெண்ணுக்கு அதே 1.2 இருந்தால் ஈ.ஜி.எஃப்.ஆர். 52 மட்டுமே. முதலாமவருக்குப் பெரும்பாலும் கவலை இல்லை. இரண்டாமவருக்குச் சிறுநீரக நோய் இருக்கிறதா என்று உடனே ஆராய வேண்டும். ஆகவே கிரியேட்டினினைத் தாண்டி ஈ.ஜி.எஃப்.ஆர். வரியைத் தேடுங்கள். ரிப்போர்ட்டில் அது இல்லையென்றால் வயது, ஆண் அல்லது பெண், கிரியேட்டினின் மூன்றையும் வைத்து "சி.கே.டி.–எபி 2021" என்ற சூத்திரத்தில் கணக்கிடலாம். இணையத்தில் அதற்கான கால்குலேட்டர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஈ.ஜி.எஃப்.ஆர். என்பது நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் இரத்தம் சுத்தமாகிறது என்பதன் மதிப்பீடு. 90-க்கு மேல் நல்லது. 60 முதல் 89 வரை, சிறுநீரில் ஆல்புமின் போன்ற வேறு பழுது இல்லாதவரை, அதை நோய் என்று சொல்வதில்லை. 45 முதல் 59 வரையும் 30 முதல் 44 வரையும் மூன்றாம் நிலையின் இரண்டு பாதிகள். 15 முதல் 29 வரை நான்காம் நிலை. 15-க்குக் கீழே போனால் ஐந்தாம் நிலை. டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் பற்றிய பேச்சு வரும் இடம். ஒருமுறை 60-க்குக் கீழ் வந்தது என்பதால் மட்டும் யாரும் நோயாளி ஆகிவிடுவதில்லை. மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே நின்றால்தான் நாள்பட்ட நோய் என்று பெயர்.

இந்த மதிப்பீடு சிலருக்குச் சரியாகப் பொருந்தாது. கர்ப்பிணிகள், மிக மெலிந்த முதியவர்கள், தசை திரண்ட பயில்வான்கள், கால் துண்டிக்கப்பட்டவர்கள், கடும் காய்ச்சலில் இருப்பவர்கள் அப்படிப்பட்டவர்கள். நாள்பட்ட நோய் இருக்கிறதா என்ற சந்தேகம் என்றால் சிஸ்டாட்டின்–சி என்ற மற்றொரு இரத்தப் பரிசோதனையை டாக்டர் எழுதக்கூடும். அது தசையைப் பெரிதாகச் சார்ந்ததில்லை.

யூரியாவில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. ஒரு லேப் "யூரியா 32" என்று போடும், இன்னொன்று "பி.யு.என். 15" என்று போடும். இரண்டும் ஒரே அளவுதான், பி.யு.என்.-ஐ 2.14-ஆல் பெருக்கினால் யூரியா வரும். லேப் மாறியதும் யூரியா இரட்டிப்பாகிவிட்டது என்று அலறி ஓடுவதற்குமுன் எந்தப் பெயரில் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். தண்ணீர் குறைந்தாலும் புரதம் அதிகம் சாப்பிட்டாலும் யூரியா ஏறும். அதை மட்டும் வைத்துச் சிறுநீரகத்தை எடைபோட முடியாது.

பொட்டாசியம் 3.5 முதல் 5.0 வரை இயல்பு. சோடியம் 135 முதல் 145 வரை. இவை ஏன் முக்கியம் என்பது மாத்திரைப் பகுதியில் புரியும்.

நான்காம் படி: ஒரு நோட்டு போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு சாதாரண நோட்டு வாங்கி, பக்கத்தில் கோடு போட்டு, தேதி, பி.பி., கிரியேட்டினின், ஈ.ஜி.எஃப்.ஆர்., பொட்டாசியம், ஏ.சி.ஆர்., அப்போது சாப்பிட்ட மாத்திரைகளும் டோஸும் என்று எழுதுங்கள்.

ஏன் என்று ஒரு கணக்கோடு காட்டுகிறேன். ஓர் ஆணுக்கு 2021-இல் வயது 50, கிரியேட்டினின் 0.9. 2023-இல் 1.0. 2025-இல் 1.2. மூன்று ரிப்போர்ட்டிலும் சிவப்பு எழுத்து இல்லை, நட்சத்திரக் குறி இல்லை, மூன்றும் 0.7–1.3 என்ற எல்லைக்குள். ஒவ்வொரு முறையும் "நார்மல்" என்று மடித்து வைத்துவிடுவார். அதையே ஈ.ஜி.எஃப்.ஆர். ஆக மாற்றினால் 104, 91, 72. நான்கு வருடத்தில் 32 புள்ளி போயிருக்கிறது, வருடத்துக்கு 8. நடுவயதுக்குப் பிறகு வருடத்துக்கு ஏறக்குறைய 1 குறைவது வயதின் இயல்பு. 5-க்கு மேல் தொடர்ந்து குறைவது வேகமான சரிவு என்றே சிறுநீரக மருத்துவர்கள் கொள்கிறார்கள். தனித்தனி ரிப்போர்ட்டாகப் பார்த்த எவர் கண்ணிலும் படாமல் போன சரிவு, ஒரே பக்கத்தில் மூன்று வரியாக எழுதியவர் கண்ணில் உடனே பட்டுவிடும்.

மறுபக்கமும் உண்டு. 78 என்று வந்தது அடுத்த முறை 74 என்று வந்தால் பதற வேண்டியதில்லை. உடம்பும் கருவியும் சேர்ந்து அந்த அளவு ஆடும். முந்தைய எண்ணிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் மாறினால் காரணம் தேட வேண்டும் என்பது சர்வதேசச் சிறுநீரக வழிகாட்டுதலான கே.டி.ஐ.ஜி.ஓ. 2024-இல் தந்திருக்கும் அளவுகோல்.

ஐந்தாம் படி: மாத்திரை தொடங்கும்போதும் மாற்றும்போதும்

"பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும்" என்ற பேச்சைக் கேட்காத வீடு நம்மிடம் குறைவு. அதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களின் சிறுநீரகத்தைப் பிரஷர்தான் கெடுக்கிறது. இந்தப் பேச்சு இவ்வளவு பரவியதற்கு இரத்தப் பரிசோதனையில் தெரியும் ஒரு மாற்றமும் காரணமாக இருக்கலாம். அதைப் புரிந்துகொண்டால் பயம் போய்விடும்.

டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் ஒரு வகை. எனலாப்ரில், ராமிப்ரில் இன்னொரு வகை. இரண்டும் வடிகட்டியிலிருந்து இரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்துகின்றன. அதனால் வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தம் இறங்குகிறது. சிறுநீரில் ஆல்புமின் கசிவு குறைகிறது. நீண்ட நாளில் சிறுநீரகம் காப்பாற்றப்படுவது இந்த வழியாகத்தான். ஆனால் அழுத்தம் இறங்கியதால் வடிகட்டும் வேகமும் முதல் சில வாரங்களில் சற்றுக் குறையும். கிரியேட்டினின் சற்று ஏறும். மருந்து வேலை செய்வதன் அடையாளம் அது. 30 சதவீதம்வரை ஏறினால், அதாவது 1.0 இருந்தது 1.3 ஆனால், மருந்தைத் தொடர்வதே வழக்கம். அதற்கு மேல் ஏறினால் உடம்பு வறண்டிருக்கிறதா, வலி மாத்திரை சாப்பிட்டார்களா, சிறுநீரகத்துக்குப் போகும் பெரிய இரத்தக்குழாயில் அடைப்பா என்று டாக்டர் தேடுவார்.

ஆகவே இந்த மருந்து தொடங்கும்முன் ஒருமுறை, தொடங்கியோ டோஸ் கூட்டியோ 2 முதல் 4 வாரத்துக்குள் இன்னொருமுறை கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்தாக வேண்டும். டாக்டர் சொல்ல மறந்தாலும் நீங்கள் கேளுங்கள். இந்த மருந்துகள் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் ஏறும். நீர் மாத்திரைகளான குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதையசைடு இதற்கு நேர்மாறு. பொட்டாசியத்தையும் சோடியத்தையும் இறக்கும், யூரிக் ஆசிடை ஏற்றும். வயதானவருக்கு நீர் மாத்திரை தொடங்கிய சில வாரத்தில் தள்ளாட்டமும் குழப்பமும் வந்தால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாமல் சோடியத்தைப் பாருங்கள். அம்லோடிபின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்தத் தொல்லைகள் பொதுவாக இல்லை. அவர்களுக்கு வருடாந்திரப் பரிசோதனை போதும்.

கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்கள் டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் வகை மருந்தில் இருந்தால் முன்பே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். இவை கருவிலுள்ள குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் தனி ஆபத்து. டெல்மிசார்ட்டனும் நீர் மாத்திரையும் சாப்பிடுபவர் மூட்டுவலிக்கு இதையும் சேர்த்தால், மூன்றும் கூடிச் சில நாட்களில் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். அதேபோல் பேதி, வாந்தி கடுமையாக இருக்கும் நாட்களில் டெல்மிசார்ட்டன், நீர் மாத்திரை ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். சரியானதும் மறுபடி தொடங்கவும் மறக்கக் கூடாது.

கடையில் "லோ சோடியம்" என்று விற்கும் உப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு என்று இருக்கும். சிறுநீரகம் நன்றாக உள்ள பிரஷர்காரருக்கு அது உதவும். ஈ.ஜி.எஃப்.ஆர். குறைந்தவரும், பொட்டாசியம் ஏற்றும் மாத்திரையில் இருப்பவரும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. பொட்டாசியம் நிறைந்த இளநீருக்கும் இதே எச்சரிக்கைதான்.

ஆறாம் படி: எத்தனை நாளுக்கு ஒருமுறை

பிரஷர் கண்டுபிடித்த அன்றே ஒரு முழுப் பரிசோதனை. இயல்பாக இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை. ஈ.ஜி.எஃப்.ஆர். 30 முதல் 44-க்குள் இருந்தால் வருடத்துக்கு இரண்டு முறை, 15 முதல் 29-க்குள் இருந்தால் மூன்று முறை, அதற்கும் கீழே நான்கு அல்லது அதற்கு மேல். சிறுநீரில் ஆல்புமின் கசிந்தால் இதைவிட அடிக்கடி. ஈ.ஜி.எஃப்.ஆர். 60-க்குக் கீழ் வந்துவிட்டால் ஹீமோகுளோபினும், மேலும் இறங்கினால் கால்சியம், பாஸ்பரஸ், பைகார்பனேட் ஆகியவையும் பட்டியலில் சேரும். சாயம் ஏற்றி ஸ்கேன் எடுக்கச் சொன்னால் அதற்கு முன்பும் கிரியேட்டினின் பார்ப்பது நல்லது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. எத்தனையோ முதியவர்களுக்கு அது பெரிய உதவி. மாத்திரை வருகிறதே என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை கொண்டுவரும் அக்காவிடமே "கிரியேட்டினின் பார்த்து எத்தனை நாள் ஆச்சு, எங்கே போய்ப் பார்க்கணும்" என்று கேளுங்கள்.

ஏழாம் படி: எண் சரியில்லை என்றால்

முதலில் பரிசோதனையே தவறா என்று பாருங்கள். கறி, வறட்சி, காய்ச்சல், வலி மாத்திரை, கோட்ரைமாக்சசோல் போன்ற ஆன்டிபயாடிக் ஏதாவது இருந்ததா? இருந்தால் டாக்டரிடம் சொல்லி, ஒன்றிரண்டு வாரத்தில் அதே லேபில் மறுபடி எடுங்கள். நாமாக பிரஷர் மாத்திரையை நிறுத்துவதும், "கிரியேட்டினினைக் குறைக்கும்" என்று விளம்பரம் செய்யும் லேகியத்தையோ பொடியையோ வாங்கிச் சாப்பிடுவதும் வேண்டவே வேண்டாம். அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று டப்பாவைப் பார்த்துத் தெரியாது. கன உலோகம் கலந்த மருந்துகள் சிறுநீரகத்தையே தாக்குகின்றன.

ஈ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழ் போனாலும், ஏ.சி.ஆர். 300-ஐத் தாண்டி நின்றாலும், வருடத்துக்கு 5-க்கு மேல் சரிந்தாலும், சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலும், நான்கு மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காவிட்டாலும் சிறுநீரக மருத்துவரிடம் போக வேண்டும். 30 வயதுக்குள்ளேயே பிரஷர் வந்தவர்களுக்குச் சிறுநீரகமே மூலகாரணமாக இருக்க வாய்ப்பு உண்டு. அவர்கள் எண்கள் கெடும்வரை காத்திருக்க வேண்டாம்.

பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். 6-ஐத் தாண்டினாலோ, ஏறிய பொட்டாசியத்தோடு நெஞ்சு படபடப்பு, கை கால் தளர்ச்சி இருந்தாலோ நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், இதயத் துடிப்பு நின்றுவிடும் அபாயம் அதில் இருக்கிறது. சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலும், மூச்சுத்திணறலோடு கால் முகம் வீங்கினாலும் ரிப்போர்ட்டுக்காகக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். போகும்போது அந்த நோட்டையும், வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். உங்களை முன்பின் பார்த்திராத டியூட்டி டாக்டர், பழைய கிரியேட்டினின் எவ்வளவு என்பதைத்தான் முதலில் கேட்பார்.